கப்பலில் வருகிறது என்று எழுதினேன்

மலேசியாவில் ஈப்போவிலிருந்து லஹாட் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ரப்பர் தொழிற்சாலையில் நான் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். ஏற்றுமதிக் காகிதங்கள் என் பொறுப்பு. மாட்டுப் பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரம் இருக்கிறதே, அதற்கான ரப்பர் குழலைத்தான் நாங்கள் செய்தோம். மாட்டின் காம்பை நேராகத் தொடும் பாகம் அது. சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ரப்பரில் வெடிப்பு விழுந்து மாட்டுக்கு மடிநோய் வந்துவிடும். அதனால் ஒரு பண்ணை எங்களிடம் வாங்க ஆரம்பித்தால் விடாமல் வாங்கும்.

முதலாளி செட்டிநாட்டு வழி வந்த குடும்பத்தவர். அவர் குடும்பம் முன்பு தைப்பிங்கில் கடை வைத்திருந்தது. நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நேர்முகத்தில் இதைச் சொன்னபோது முதலாளி சிரித்துவிட்டு, "அப்போ ரப்பரப் பத்தி நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்றார். அன்றே வேலை கொடுத்தார். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். அவரை நான் நம்பினேன் என்று சொன்னால் ஏன் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். அந்த ஆறு மாதமும் என்னை நேரம் கழித்து வரவும் முன்னதாகக் கிளம்பவும் விட்டவர் அண்ணே. ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை.

ஈரானோடு வல்லரசுகள் அணு ஒப்பந்தம் செய்துகொண்ட சமயத்தில்தான் எங்களுக்கு இஸ்ஃபஹானிலிருந்து முதல் கடிதம் வந்தது. அதுவரை ஈரான் என்ற பெயரைப் பார்த்தாலே எங்கள் வங்கி காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்கா போட்டிருந்த தடைக்கு உலகம் முழுக்க அப்படித்தான் பயந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு கதவு திறந்தது. பண்ணைச் சாமான்கள் விற்கும் ஒரு குடும்பக் கம்பெனி எங்கள் குழல்களைக் கேட்டிருந்தது. அண்ணே கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"அமெரிக்காக்காரனே கையெழுத்துப் போட்டுட்டான்லா. இனிமே நமக்கு என்ன பயம்?" என்றார்.

அந்தக் கம்பெனியின் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டவள் என் வயதுப் பெண். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் சுமார்தான், அதனாலேயே ஒருவருக்கொருவர் கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டோம். முதல் வருடம் எண்ணிக்கையும் அளவும் தவிர வேறு பேச்சு இல்லை. பிறகு ஒரு நாள், அந்த ரப்பர் எங்கிருந்து வருகிறது, மரத்தை நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள். எங்கள் பேச்சில் அதற்குப் பால்மரம் என்று பெயர், என் அம்மா அந்தப் பாலை எடுத்தவர் என்று எழுதினேன். அவள் உடனே பதில் போட்டாள். "அப்படியானால் உங்கள் மரத்தின் பால் கடல் தாண்டி வந்து எங்கள் மாட்டின் பாலைக் கறக்கிறது. இதை இன்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்." அதிலிருந்து அவள் கடிதங்களில் என்னைச் சகோதரி என்று எழுத ஆரம்பித்தாள். நானும் அப்படியே எழுதினேன்.

அவளுடைய கூடப்பிறந்த தங்கைக்குத் தலசீமியா. பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் இரத்தம் ஏற்றித்தான் வாழ்கிறாள். அப்படி ஏற்றுகிற இரத்தத்தில் உள்ள இரும்பு உடம்பில் தேங்கும், இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்ற ஒரு மாத்திரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இதையெல்லாம் அவள் எனக்கு வருத்தத்தோடு எழுதவில்லை. தங்கை ஓவியம் படிக்கிறாள், சண்டைக்காரி, மாத்திரை கரைத்த தண்ணீர் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று தினமும் திட்டிக்கொண்டே குடிப்பாள் என்று எழுதியிருந்தாள். ஒரு தடவை தங்கையே எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பினாள். நான் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. என் மூக்குத்தியை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தாள்.

பிறகு அமெரிக்கா தன் கையெழுத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே ஆட்சி மாறியிருந்தது. ஈரான் பேச்சை மீறியதாக மேற்பார்வையாளர்கள் சொல்லவில்லை என்று செய்தியில் வாசித்தேன், ஆனாலும் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம், தடைகள் எல்லாம் மறுபடி வரும் என்று அறிவித்தார்கள். ஈப்போவில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதத்தில் எங்கள் வங்கி அவர்கள் பெயரைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பியது. அதற்கு அடுத்த மாதம் அவள் எழுதினாள்: அந்த மாத்திரை இஸ்ஃபஹானில் கிடைக்கவில்லை. டெஹ்ரானிலும் இல்லை. உள்ளூரில் செய்கிற மாத்திரை தங்கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உங்கள் ஊரில் கிடைக்குமா சகோதரி?

மருந்துக்குத் தடை இல்லை என்று அமெரிக்க அரசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை நம்பினேன். அவர்கள் சொன்னதை இணையத்திலிருந்து அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எங்கள் பகுதிக் கிளினிக் டாக்டர், அவள் அனுப்பிய மருத்துவ அறிக்கைகளை எல்லாம் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, சீட்டு எழுதித் தந்தார். பழைய டவுனில் இருந்த மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளைத் தருவித்துக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு வரும். அவ்வளவும் கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூரியர் கடையில் இருந்த இளம்பெண் பெட்டியை எடை போட்டுவிட்டு முகவரியைத் தட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த நாட்டுக்குப் போகாது."

"மருந்துமா. மருந்துக்குத் தடை இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. இந்தா பாரு."

அவள் என் காகிதத்தை நிதானமாக வாசித்தாள். "காயிதத்துல போலாம்னுதான் இருக்கு. சிஸ்டம் விடலக்கா. நான் என்ன செய்ய?" அடுத்த கடையிலும் அதே பதில்தான். மூன்றாவது கடையில் மேலாளர் வெளியே வந்து, மருந்தை அனுப்பி அமெரிக்காவில் மாட்டிக்கொண்டால் எங்கள் கம்பெனியை யார் காப்பாற்றுவது என்று என்னைக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே கேட்டார்.

மறுநாள் அண்ணேயிடம் போய்ச் சொன்னேன். தொழிற்சாலையில் அப்போது இஸ்ஃபஹானுக்கான கடைசிச் சரக்கு தயாராகிக்கொண்டிருந்தது. தடை முழுதாக அமலுக்கு வருவதற்குள் துபாய் வழியாக அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம பெட்டியோட பெட்டியா வச்சிருமா. அந்தப் பொண்ணு பேர மேல எழுதிரு. போய்ச் சேந்துரும்."

"பிரச்சனை வருமாண்ணே?"

"மருந்துதானே. நான் பாத்துக்கிறேன்." மாத்திரைக்கு நான் கொடுத்திருந்த பணத்தையும் மறுநாள் ஓர் உறையில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்றேன். "உங்களுக்கு மட்டும்தான் தங்கச்சியா?" என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அண்ணேயைப் பற்றி என்னென்னவோ சொன்னேன்.

பெட்டியை நானே கட்டினேன். மாத்திரை அட்டைகளை எங்கள் குழல்களுக்கு நடுவில் வைத்து, ஒட்டுநாடா சுற்றி, அவள் பெயரையும் ஊரையும் மேலே கருப்பு மையில் எழுதினேன். தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் லோரி வந்தது. பெட்டிகள் ஏறுவதை நின்று பார்த்தேன். லோரி பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கிளம்பியது. அன்றே அவளுக்கு எழுதினேன்: லோரி புறப்பட்டுவிட்டது, என் கண்ணால் பார்த்தேன்.

விடுமுறை முடிந்து வந்தபோது கப்பல் காகிதங்கள் என் மேசையில் இல்லை. துபாய் வழியாகப் போவதால் இந்தத் தடவை ஏஜெண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான் என்றார் அண்ணே. எண் கேட்டேன். "இப்போ நேரா காட்டாதுமா. துபாய்ல இறங்கி மாத்தி ஏத்தினாத்தான் தெரியும்." நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு எழுதினேன்: கப்பலில் வருகிறது. டிசம்பரில் அவள் கேட்டாள். மறுபடி அண்ணேயிடம் கேட்டேன். துபாயில் நெரிசல் என்றார். எழுதினேன்: கப்பலில் வருகிறது, துபாயில் தாமதம். ஜனவரியில் அவள் கேட்டபோது, கேட்பதற்கே மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்திருந்தாள். இந்தத் தடவை அண்ணே என் முகத்தைப் பார்க்காமல், "வந்துரும் வந்துரும்னு சொல்லுமா" என்றார். மூன்றாவது தடவையும் அப்படியே எழுதினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது பிறகு யோசித்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அது தோன்றவே இல்லை.

பிப்ரவரியில் தொழிற்சாலை அமளிப்பட்டது. எங்கள் புது வாடிக்கையாளர் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, அவர்கள் சார்பில் கோலாலம்பூரிலிருந்து ஒரு தணிக்கைக்காரர் வருகிறார் என்றார்கள். தரையெல்லாம் புதுச் சாயம். பின்பக்கத்துப் பழைய ஸ்டோரைச் சுத்தம் செய்து சரக்கு விவரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த ஸ்டோரில் கெட்டுப்போன அச்சுகளும் திரும்பி வந்த சரக்கும்தான் கிடக்கும், நாங்கள் யாரும் அங்கே போவதில்லை. இரண்டு பங்களாதேஷ் தொழிலாளர்கள் தார்ப்பாய் ஒன்றை இழுத்து விலக்கினார்கள். அடியில் வரிசையாகப் பெட்டிகள். மூன்றாவது வரிசையில், என் கையெழுத்து.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. இது வேறு பெட்டி, இதே பெயரை இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன் போல என்றுகூட நினைத்தேன். பிறகு ஒட்டுநாடாவைக் கிழித்தேன். மாத்திரைகள் நான் வைத்தபடியே இருந்தன.

தீபாவளி விடுமுறையில் லோரியைப் பாதி வழியிலேயே திருப்பிவிட்டார்கள் என்று தொழிலாளிகளில் ஒருவர் சொன்னார். அவர்தான் இறக்கியவராம். என்னிடம் சொல்லக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணேயின் அறைக்குப் போனேன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உட்காருமா."

நான் உட்காரவில்லை.

"அந்த வாரம்தான் அமெரிக்காக்காரங்க காயிதம் அனுப்பினாங்க. ஈரானோட எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாதுன்னு. ஒரு குண்டூசி போயிருந்தாலும் ஆர்டர் இல்ல. அறுபது பேரு இங்க வேல செய்றாங்க. நான் என்ன செய்றது, சொல்லுங்க."

"சரக்க நிறுத்தினது எனக்குப் புரியுதுண்ணே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க அந்தப் பொண்ணுக்கு எழுதிருப்பீங்க. ஈமெயில்ல இருக்கும். நாளைக்கு அவங்க எல்லாத்தையும் பாப்பாங்க."

"மூணு மாசமா கப்பல்ல வருது, கப்பல்ல வருதுன்னு எழுதிட்டு இருந்தேனே. அதுவும் ஈமெயில்லதானே இருக்கு?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். நேரம் பார்த்து வேறு வழியில் அனுப்பலாம் என்றுதான் வைத்திருந்தேன், பிறகு வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்றார். மறந்துவிட்டேன் என்ற அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. பயந்துவிட்டேன் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

மறுநாள் தணிக்கைக்காரர் வந்தார். சீனர், மெல்லிய குரல், நல்ல மனிதராகவே தெரிந்தார். ஏற்றுமதிக் காகிதங்களுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தடை அமலுக்கு வந்த நாளிலிருந்து பட்டியலில் உள்ள நாடுகளுக்கு இந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்தப் பொருளும் போகவில்லை என்று அதில் இருந்தது. அண்ணே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு தடவை வாசித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. எதுவும் போகவில்லைதான். கையெழுத்துப் போட்டேன். தணிக்கைக்காரர் நன்றி சொன்னார்.

அன்று மாலை பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் பேராக் மாநிலத்தில் படிக்கும் ஈரானிய மாணவர்கள் சிலர் ஈப்போவில் ஓர் உணவகத்துக்கு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு பெண் கிடைத்தாள். முனைவர் பட்டம் படிக்கிறாள், மார்ச்சில் வரும் ஈரானியப் புத்தாண்டுக்கு ஊர் போகிறாள். நான் ஆங்கிலத்தில் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை அட்டைகளைத் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனாள். விமானம் ஏறிய ஐந்தாம் நாள் மருந்து இஸ்ஃபஹானில் இருந்தது. ஒரு பெட்டிக்கு அவ்வளவுதான் தூரம். நான் அக்டோபரிலேயே அந்த உணவகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

என் தோழிக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம், மருந்து தாமதமாக வந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது.

"மருந்து கிடைத்தது. நன்றி. லோரி போனதை நீ பார்த்தாய் என்று நம்புகிறேன். ஆனால் கப்பலில் வருகிறது என்று நீ எழுதியதால் நாங்கள் வேறு இடத்தில் தேடவில்லை. துருக்கியில் என் மாமா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டிருப்போம். கப்பல் வரும்வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று என் தங்கை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்வாசி. இப்போது அவள் மருத்துவமனையில் இருக்கிறாள். இதயத்தில் பிரச்சனை என்கிறார்கள்."

அந்தக் கடிதத்தில் சகோதரி என்ற சொல் இல்லை. நான் அதை மேலிருந்து கீழ்வரை தேடினேன்.

பிறகும் நான்கு மாதம் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, கணவருக்கு அப்போதுதான் மறுபடி வேலை கிடைத்திருந்தது. அண்ணே என்னிடம் முன்னைவிட நல்லபடியாக நடந்துகொண்டார், அதுதான் பெரிய வேதனை. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை வேலை கிடைத்ததும் விலகினேன். கடைசி நாளில் அவர் எனக்கு ஒரு பட்டுப் புடவை கொடுத்தார். அதை என் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

தங்கை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு வருடம் ஒரு தடவை, அவர்களுடைய புத்தாண்டுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன். அவள் நன்றி என்று மட்டும் பதில் போடுவாள். சில வருடம் அதுவும் இல்லை.

போன வருடம் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்ணேயைப் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு ஒதுங்கப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"கேள்விப்பட்டீங்களாமா? அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கும் வரி ஏத்திட்டான். இந்த வருசம் ஆர்டர் பாதி இல்ல. அவங்க கேட்ட காயிதத்துலல்லாம் கையெழுத்துப் போட்டேன். போகாதன்னு சொன்ன பக்கம் போகல. கடைசில எல்லாருக்கும் ஒரே அடி. இது நியாயமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செய்ததை அவரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஒரு சொல் போதும். அவர் தன் நஷ்டத்தைப் பற்றியே பேசினார். தான் ஏமாற்றப்பட்டதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, எதிரில் நிற்பவள் யார் என்பது நினைவுக்கே வரவில்லை.

"அறுபது பேரு வேல செஞ்சாங்களே, இப்போ எத்தன பேருண்ணே?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு" என்றார்.

நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். காரில் ஏறிய பிறகு கணவர், "அவருக்கு ரெண்டு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார். ஆறுதல் வார்த்தையா, திட்டா என்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஈரானும் அமெரிக்காவும் மறுபடி பேசிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்றுப் பேச்சு என்று செய்தியில் சொன்னார்கள். கிளினிக்கில் தொலைக்காட்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கூடப் பல் டாக்டரிடம், இந்தத் தடவை சரியாகிவிடும் போல இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை விடியும்போது இஸ்ரேலின் குண்டுகள் விழுந்தன. அடுத்த வாரம், ஈரான் விஷயத்தில் இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்வோம் என்று அமெரிக்கா சொன்னது. அப்படிச் சொல்லி மூன்று நாள்கூட ஆகவில்லை, அமெரிக்க விமானங்களே போய்க் குண்டு போட்டன. திரையில் மூன்று ஊர்களின் பெயர் வந்தது. ஒன்று இஸ்ஃபஹான். வாய் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு நோயாளி கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெயரை ஈப்போவில் என்னைப்போல் அத்தனை தடவை கையால் எழுதியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

நீங்கள் எல்லோரும் பத்திரமா என்று அவளுக்கு அனுப்பினேன். செய்தி போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. அங்கே இணையத்தை நிறுத்தியிருந்தார்கள். தினமும் காலையில் கிளினிக்கைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் மதியம், நான் ஒருவருக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"நாங்கள் உயிரோடு இருக்கிறோம். வீட்டுக் கண்ணாடி மட்டும் போயிற்று. அம்மாவைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டோம். என் தங்கை இல்லை. இது குண்டினால் அல்ல. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே போய்விட்டாள், இதயம் நின்றுவிட்டது. உனக்கு எழுதவில்லை. கோபத்தால் அல்ல. எழுதினால் நீ அழுவாய், பிறகு நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அப்போது அந்தச் சக்தி இல்லை."

நான் பின்பக்கம் போய், உபகரணங்களைக் கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இரண்டு புத்தாண்டுக்கு நான் அவளுக்கு அனுப்பிய வாழ்த்துகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டிலும், தங்கைக்கும் என் அன்பு என்று எழுதியிருந்தேன். ஒன்றுக்கு அவள் நன்றி என்று பதில் போட்டிருந்தாள்.

அந்த மாத்திரை நவம்பரிலேயே போயிருந்தால் அவள் இருந்திருப்பாளா? அன்று சீட்டு எழுதித் தந்த டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இந்த நோயில் எத்தனையோ காரணம் இருக்கும் என்றார். என் மனசு சமாதானம் ஆவதற்காக அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதும் அதற்காகத்தான்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். மன்னித்துவிடு என்று எழுதி அழித்தேன். அண்ணேயைப் பற்றி எழுதி அழித்தேன். அமெரிக்காவைத் திட்டி எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், உங்கள் வீட்டுக் கண்ணாடியை மாற்றிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் இல்லை" என்று பதில் வந்தது. "ஊர் முழுக்கக் கண்ணாடிக்கு வரிசை நிற்கிறது. இப்போதைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறோம். காற்றடித்தால் இரைச்சல்."

இங்கே மழை, தோட்டத்து வீட்டில் நாங்களும் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள்தான் கட்டியிருந்தோம், அந்த இரைச்சல் எனக்கும் தெரியும் என்று எழுதினேன்.